அவுட்போர்டு மோட்டாருக்கு ஆயில் மாற்றுவது: நாலு வருடம், 37 எண்ணெய்ப் பொட்டுகள்

எங்கள் பைபர் படகு தூத்துக்குடி திரேஸ்புரத்தில் நிற்கிறது. நண்டு வலைக்கும் சின்ன மீன் வலைக்கும் போகிற படகு. அதன் பின்பக்கம் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்டு, 9.9 குதிரைத்திறன் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டார், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. 2021 ஆகஸ்டில் வாங்கினோம். இன்றைய கணக்குக்கு ஏறக்குறைய 3,600 மணி நேரம் ஓடிவிட்டது. இதுவரை சிலிண்டரை மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்ததில்லை. அதற்கு நான் சொல்லக்கூடிய காரணம் ஒன்றுதான்: ஆயில். எந்தக் கம்பெனி ஆயில் என்பதைவிட, எப்போது மாற்றினேன், கழற்றிய ஆயிலை என்ன செய்தேன் என்பதுதான் இதில் முக்கியம்.

இதற்கு முன்னால் அப்பா வைத்திருந்தது டூ ஸ்ட்ரோக். அதில் எண்ணெயைத் தனியாக மாற்றும் வேலையே கிடையாது. எரிபொருளோடு 50-க்கு 1 என்ற கணக்கில் கலந்து ஊற்றுவோம், அது எரிந்து புகையாகப் போய்விடும். இருபது வருடம் அப்படியே பழகிய கை. புது மோட்டார் வந்தபோது, உள்ளே ஒரு தொட்டியில் ஆயில் நிற்கிறது, அது கெட்டுப்போகும், அதை எடுத்துவிட்டு வேறு ஊற்ற வேண்டும் என்பதே எங்கள் வீட்டுக்குப் புதிய செய்தி. டூ ஸ்ட்ரோக்கிலிருந்து மாறுகிறவர்கள் சறுக்குகிற முதல் இடம் இது. நாங்களும் சறுக்கினோம்.

முதல் 20 மணி நேரத்தில் செய்ய வேண்டிய முதல் ஆயில் மாற்றத்தை வாங்கிய கடையிலேயே செய்து கொடுத்தார்கள். அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு, ஆறு மாதம் என்றார்கள். மேனுவலிலும் ஆறு மாதம் என்றுதான் இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே 100 மணி நேரம் என்றும், இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்றும் இருந்தது. நான் மாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விடுமுறைக்கு மட்டும் படகை எடுக்கிறவருக்கு 100 மணி நேரம் ஓட ஒரு வருடம்கூட ஆகலாம். நாங்கள் கடலுக்குப் போகும் நாளில் மோட்டார் நாலரை மணி நேரம் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கிடையாது, காற்று அடிக்கிற நாள் கிடையாது, அதெல்லாம் கழித்தாலும் ஒரு மாதம் போல ஓடினால் 100 மணி நேரம் முடிந்துவிடும். அந்த ஆறு மாதத்தில் எங்கள் மோட்டார் 450 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியிருக்கும். நான் முதல்முதலாக போல்ட்டைத் திறந்தபோது வந்தது ஆயில் மாதிரியே இல்லை. தார் உருக்கிய மாதிரி, கறுப்பாக, நூலாக இழுத்துக்கொண்டு இறங்கியது. அன்றைக்கு வந்த பயம்தான் இந்த நோட்டுக்குக் காரணம்.

நோட்டு என்றால் சாதாரண நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு முறையும் தேதி, ஓடிய மணி நேரம் எழுதி, பக்கத்தில் கழற்றிய ஆயிலில் ஒரு சொட்டு வைப்பேன். மறுநாள் காய்ந்ததும் அது ஒரு பொட்டு மாதிரி விரிந்திருக்கும். நடுவில் கறுப்பு, சுற்றி ஒரு பழுப்பு வளையம், அதற்கு வெளியே வெறும் எண்ணெய் ஈரம். நடுப்பொட்டு கெட்டியாக, விரியாமல் நின்றால் ஆயிலில் அழுக்கு ஏறிவிட்டது. வெளி வளையம் வழக்கத்தைவிட அகலமாகப் பரவினால் பெட்ரோல் கலந்திருக்கலாம். ஓரம் பிசிறடித்துச் சாம்பல் நிறமாக இருந்தால் தண்ணீர். ஆய்வகப் பரிசோதனை அளவுக்குத் துல்லியம் இல்லைதான். ஆனால் ஒரே மோட்டாரின் பொட்டுகளை வரிசையாகப் பார்க்கும்போது போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள மாற்றம் கண்ணில் படாமல் போகாது.

மணி நேரத்தை முதலில் கைக்கணக்காகத்தான் எழுதினேன். அப்புறம் ஸ்பார்க் பிளக் வயரில் ஒரு கம்பியைச் சுற்றி மாட்டுகிற சின்ன மீட்டர் வாங்கினேன். எஞ்சின் ஓடும்போது மட்டும் அது எண்ணும். இந்த நாலு வருடத்தில் மோட்டாருக்காக நான் செய்த செலவிலேயே நல்ல செலவு அதுதான்.

இனி நான் செய்யும் முறை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், மச்சானும் நானுமாக மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டகையில் மர ஸ்டாண்டில் மாட்டுவோம். கிட்டத்தட்ட 40 கிலோ இருக்கும், ஒற்றை ஆளாகத் தூக்கவே வேண்டாம். அடியில் பாதியாக வெட்டிய 200 லிட்டர் டிரம், அதில் நல்ல தண்ணீர். தண்ணீர் இழுக்கும் துளைகள் நன்றாக மூழ்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டினாலும் உள்ளே தண்ணீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் போய்விடும். பத்து நிமிடம் ஓட விடுவேன். ஆயில் சூடாகி இளகும், அடியில் தங்கிய அழுக்கும் அதோடு கலந்து வெளியே வரும், உள்ளே ஏறிய உப்பும் கழுவுப்படும். ஆறிப்போன மோட்டாரில் திறந்தால் அழுக்கில் பாதி உள்ளேயே தங்கிவிடும்.

நிறுத்தியதும் முதல் வேலை, மோட்டாரை அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புச் சுருள் கயிற்றின் கிளிப்பை எடுத்துவிட்டு, பிளக் மூடியைக் கழற்றி வைப்பது. வேலை நடுவில் யாராவது தெரியாமல் கயிற்றை இழுத்துவிட்டால் கை போய்விடும். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அப்புறம் கீழே டிரெயின் போல்ட்.

இந்த போல்ட் இருக்கும் இடம்தான் தொல்லை. எங்கள் மோட்டாரில் அது கால் என்கிற நீண்ட கீழ்ப்பகுதியின் பக்கவாட்டில் இருக்கிறது. திறந்தால் ஆயில் நேராக விழாமல், பெயின்ட்டைப் பிடித்துக்கொண்டு காலோடு வழிந்து புரொப்பல்லர் வரைக்கும் போகும். நான் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீளவாக்கில் வெட்டி, ஒரு முனையைத் துளைக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி, மறுமுனையைக் கேனுக்குள் விடுகிறேன். ஒட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் உப்பும் ஈரமும் இல்லாமல் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் டேப் நிற்காது. ஒரு சொட்டுகூடக் கீழே சிந்துவதில்லை.

ஒருமுறை இந்த வேலையைப் படகிலேயே, தண்ணீரில் நின்றபடி செய்தேன். ஒரு குவளை அளவு தவறிக் கடலில் விழுந்தது. அது பரவியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் கறுப்பு வட்டம், அப்புறம் பழுப்பு, அப்புறம் மயில்கழுத்து நிறத்தில் மெல்லிய படலமாக, பக்கத்தில் நின்ற மூன்று படகுகளையும் தாண்டிப் போய்விட்டது. ஒரு குவளைதான். எங்களுக்கு எதிரே வான் தீவும் காசுவாரியும் இருக்கின்றன, சுற்றிலும் பவளப்பாறை. நாங்கள் பிடிக்கிற நண்டும் மீனும் வளர்வது அங்கேதான். அதற்குப் பிறகு தண்ணீருக்கு மேல் வைத்து போல்ட்டைத் தொட்டதே இல்லை. பழைய ஆயில் அஞ்சு லிட்டர் கேனில் சேர்கிறது. நிறைந்ததும் ஒரு பைக் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் தங்கள் ஆயிலோடு சேர்த்து மறுசுழற்சிக்கு எடுக்கிறவரிடம் போடுகிறார்கள். மரப்படகுக்குப் பூசலாம், எரிக்கலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதில்லை.

வடிந்து முடிய இருபது நிமிடமாவது விடுங்கள். போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். ஒருமுறை வாஷர் கைவசம் இல்லை என்று பழையதையே போட்டேன். கசிந்தது. கசிவை நிறுத்துகிறேன் என்று இறுக்கியதில் அலுமினிய மரை லேசாகப் பிய்ந்தது. லேத்தில் கொடுத்து மரை போட்டு வாங்க இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை. வாஷரின் விலை சில ரூபாய்.

ஃபில்டரை இரண்டு மாற்றத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையாலேயே இறுக்குவேன். பிறகு ஆயில். எங்கள் மோட்டாருக்கு ஒரு லிட்டர் டப்பாவே மிச்சம் வரும். மோட்டார் நெட்டுக்குத்தலாக நிற்க வேண்டும், சாய்ந்திருந்தால் ஆயில் அளவு பார்க்கும் குச்சி காட்டுவது பொய். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, குச்சியில் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துகிறேன். 'கூட இருந்தால் நல்லதுதானே' என்று சிலர் கோட்டைத் தாண்டி ஊற்றுகிறார்கள். கூடுதல் ஆயில் மூச்சுக்குழாய் வழியாகக் கார்புரேட்டர் பக்கம் போய், நீலப் புகையும் பிளக்கில் கரியுமாகத்தான் முடியும். அஞ்சு நிமிடம் ஓட்டி, கசிவு பார்த்து, நிறுத்தி, ஆயில் கீழே இறங்கிய பிறகு மறுபடியும் குச்சி பார்த்தால் வேலை முடிந்தது.

என்ன ஆயில் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் வெயிலுக்கு 10டபிள்யூ-40 என்ற கெட்டித்தன்மை உள்ள ஆயில் ஊற்றுகிறேன். டப்பாவில் எஃப்சி-டபிள்யூ என்ற முத்திரை இருந்தால் அது படகு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு என்றே சோதித்த ஆயில். அமெரிக்காவின் என்எம்எம்ஏ என்ற படகுத் தொழில் சங்கம் கொடுக்கிற சான்று அது, துருப்பிடிக்காமல் காக்கிறதா என்ற சோதனையும் அதில் உண்டு. உப்புக்காற்றில் நிற்கிற மோட்டாருக்கு அது தேவைதான். கிடைக்காத மாதங்களில் மேனுவலில் சொன்ன ஏபிஐ தரத்தில் (எஞ்சின் ஆயிலுக்கு டப்பாவில் போட்டிருக்கும் தரக்குறியீடு) நல்ல கார் ஆயில் ஊற்றியிருக்கிறேன். 100 மணி நேரத்தில் மாற்றிவிட்டதால் பொட்டில் வித்தியாசம் தெரியவில்லை. விலை உயர்ந்த ஆயிலை ஊற்றி 300 மணி நேரம் ஓட்டுவதைவிட இது நல்லது என்பது என் உறுதியான கருத்து. டிசி-டபிள்யூ3 என்று போட்டிருப்பது டூ ஸ்ட்ரோக்குக்கு, அதை இதில் ஊற்றிவிடாதீர்கள்.

2022 கடைசியில் ஒரு விநோதம். ஆயில் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே வந்தது. குச்சியை எடுத்தால் மேல் கோட்டுக்கு அரை விரற்கடை மேலே ஈரம். நான்தான் கூட ஊற்றிவிட்டேன் என்று நினைத்து எடுத்துவிட்டேன். பத்து நாளில் மறுபடியும் ஏறியது. மெக்கானிக் அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் குச்சியை மூக்கருகே கொண்டுபோய், "தம்பி, மோந்து பாருங்க, ஆயில் வாடையா வருது?" என்றார். பெட்ரோல் வாடை. "நண்டு வலை இழுக்கயில மோட்டார எவ்வளவு நேரம் சும்மா ஓட விடுறீங்க?"

"ஒண்ணரை மணி நேரம் இருக்கும் அண்ணாச்சி."

அங்கேதான் விஷயம். மெதுவாகவே ஓடினால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வருவதில்லை. எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போகிறது, அளவு மட்டும் கூடுவது போலத் தெரிகிறது. அவர் முதலில் பெட்ரோல் பம்பின் டயாபிரம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார், சரியாக இருந்தது. எஞ்சின் சூடாகும்வரை குளிர்த்தண்ணீரை அடைத்து வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால், உப்பு கட்டி, திறந்தபடியே நின்றிருந்தது. அதை மாற்றினோம். அதோடு, வலை இழுத்து முடிந்ததும் கரைக்கு வரும் கடைசி அரை மணி நேரம் மோட்டாரை நல்ல வேகத்தில் ஓட்டச் சொன்னார். அந்த மாதத்துப் பொட்டுகள் இரண்டும் நோட்டில் அகலமாக, வெளிறிப்போய் இருக்கின்றன. அடுத்தது பழையபடி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நங்கூரத்தில் நின்ற படகு மழைத்தண்ணீர் நிறைந்து பின்பக்கமாக அமிழ்ந்துவிட்டது, மோட்டாரும் உள்ளே. சாலையெல்லாம் அறுந்து கிடந்தது, அண்ணாச்சியால் வர முடியவில்லை. போனில் அவர் சொன்ன முதல் வார்த்தை: "வெளிய எடுத்துக் காய விட்டுராதீங்க தம்பி. நல்ல தண்ணியில முக்கியே வைங்க." காற்று பட்டால் சில மணி நேரத்தில் உள்ளே துரு பிடித்துவிடுமாம். டிரம்மில் மழைத்தண்ணீரை நிரப்பி அப்படியே இறக்கி வைத்தோம்.

மறுநாள் போல்ட்டைத் திறந்தேன். முதலில் வந்தது தெளிந்த தண்ணீர். எண்ணெயைவிடக் கனம் என்பதால் அது அடியில் நின்றிருந்தது. அதற்குப் பின்னால் பால் கலந்த டீ போல, நுரையோடு, கெட்டியாக ஆயில். பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தால் துளைகளிலிருந்து தண்ணீர் பீச்சியது. வருவது நிற்கும்வரை இழுத்தோம். கார்புரேட்டரை வடித்து, சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டு, புது ஆயில் ஊற்றி, புது பெட்ரோல் கொடுத்து, மச்சானும் நானும் மாறி மாறி இழுத்தோம். நாற்பதாவது இழுப்பில் பிடித்தது. பத்து நிமிடம் ஓட்டி வடித்தேன், சாம்பல் நிறம். மறுபடியும் ஊற்றி அரை மணி நேரம், லேசான கலங்கல். மூன்றாவது முறை அஞ்சு மணி நேரம், நல்ல நிறம். அந்த வேலைக்கு விலை குறைந்த கார் ஆயிலே போதும், வடிக்கத்தானே போகிறோம்.

கியர் ஆயிலை இதோடு குழப்ப வேண்டாம். அது கீழே புரொப்பல்லருக்கு மேலே உள்ள பெட்டியில் தனியாக இருக்கிறது. அதையும் அதே ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுகிறேன். மேலும் கீழும் இரண்டு திருகு. கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், மேல் துளையில் ஆயில் எட்டிப் பார்த்தால் நிறைந்துவிட்டது. எங்களைப் போல வலைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: புரொப்பல்லரைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். தங்கூசி என்கிற நைலான் நரம்பு சுற்றிக்கொண்டு, தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் சீலை அறுத்துவிடும், தண்ணீர் உள்ளே போய்விடும். எங்களுக்கு ஒருமுறை கியர் ஆயில் வெளுத்து வந்தது அப்படித்தான்.

ஒரு மாற்றத்துக்கு ஆயில், வாஷர், பாதி ஃபில்டர் எல்லாம் சேர்த்து எனக்கு 800 ரூபாய்க்குள் ஆகிறது. அப்பாவுக்கு இப்போதும் இந்த மோட்டாரின் சத்தம் போதவில்லை என்று குறை. ஆனால் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். போன ஞாயிற்றுக்கிழமை 37-வது பொட்டு வைத்தேன். நடுவில் கறுப்பு, சுற்றி சீரான பழுப்பு, வெளி வளையம் அளவாக. பக்கத்தில் அவரே எழுதினார்: 3,600. அடுத்தது 3,700.