கடற்காற்றின் மீது பழியைப் போட்ட அம்புக் கடைக்காரர்

வீட்டிலேயே மர அம்பு செய்பவர்கள் தண்டு வாங்கும்முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் உச்சிப்புளிக்காரன். என் வில்லின் இழுவிசை 40 பவுண்டு. கடைசலுக்கு நேரம் இல்லாததால் ஆயத்தத் தண்டுகளாக 24 வாங்கினேன், 2,400 ரூபாய். 11/32 அங்குலக் கனம், ஒரே விறைப்பு, இழை பார்த்துப் பொறுக்கியது என்று கடைக்காரர் சொன்னார். வந்தவை அழகாகத்தான் இருந்தன. கரும்பழுப்பு வார்னிஷ், கண்ணாடி போல் மின்னியது. இறகு ஒட்டி, முனை மாட்டி, பனங்காட்டு ஓரத்து மணல்மேட்டை நோக்கி எய்தேன்.

மூன்றாவது அம்பு நாணை விட்டுப் புறப்படும்போதே முறிந்தது. குறுக்காக முறியவில்லை, சாய்வாகப் பிளந்து, ஊசி முனையாக நின்றது. அதன் சிராய் ஒன்று இடது மணிக்கட்டுக்கு மேல், முன்கைக் காப்பில் ஏறிவிட்டது. காப்பு கட்டியிருந்ததால் கை தப்பியது.

வீட்டுக்கு வந்து ஒரு தண்டில் உப்புத்தாளை வைத்துத் தேய்த்தேன். வார்னிஷ் போன இடத்தில் மரத்தின் இழை தெரிந்தது. அது தண்டின் நீளத்துக்கு ஓட வேண்டும். இதிலோ, நாலு விரற்கடைக்குள் ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் வெளியேறிவிடுகிறது. அந்த இடம்தான் பிளக்கும். மற்றவற்றையும் தேய்த்தேன், பதினொன்று இதே கதை. கட்டின் வெளிச்சுற்றில் இருந்தவை மட்டும் நன்றாக இருந்தன. வெற்றிலைக் கட்டில் செய்யும் வேலை!

விறைப்பையும் சோதித்தேன். 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி, அவற்றின் மேல் தண்டு, நடுவில் 2 பவுண்டு எடை. தண்டு எத்தனை அங்குலம் தொய்கிறதோ, அதனால் 26ஐ வகுத்தால் விறைப்பு எத்தனை பவுண்டு என்று கிடைக்கும். ஒன்று அரை அங்குலம் தொய்ந்தது: 52. இன்னொன்று 0.9 அங்குலம்: 29கூட இல்லை. வலது கையால் நாண் இழுக்கும் எனக்கு, என் வில்லுக்கு விறைப்பு மிஞ்சிய முன்னது இடப்பக்கமும் விறைப்புக் குறைந்த பின்னது வலப்பக்கமும் போகும். இரண்டு வாரமாக என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தேன். "தம்பி, நீங்கள் கடற்கரை ஊர். உப்புக் காற்றுக்கு மரம் அப்படித்தான் ஆகும்" என்றார். ஈரக்காற்றில் தண்டு வளையும், உண்மை. அனலில் இளஞ்சூடு காட்டி, உள்ளங்கையால் அழுத்தி நிமிர்த்திவிடலாம். வாரந்தோறும் செய்கிற வேலைதான். இழையைச் சாய்க்க எந்தக் காற்றாலும் முடியாது, அண்ணே! மரம் அறுக்கும்போதே சாய்ந்துவிட்டது அது.

என் தவறும் உண்டு. எய்வதற்குமுன் ஒவ்வோர் அம்பையும் இரு கையாலும் மெல்ல வளைத்து, விரிசல் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். மினுமினுப்பில் மயங்கி அன்று விட்டுவிட்டேன்.

பணம் திரும்பவில்லை. வேறு தண்டு தருவதாகச் சொன்னார். சரி, வார்னிஷ் பூசாமல் அனுப்புங்கள் என்றேன். அப்படி நாங்கள் கொடுப்பதில்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.