பொங்கல் லீவுப் பனியா, பரீட்சை லீவுப் பனியா?

நாகர்கோவிலிலிருந்து இமயமலைக்குப் பனி பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு வருஷத்தில் தோதாக அமைவது இரண்டு சமயம்தான். ஒன்று பொங்கல் விடுமுறையை ஒட்டிய ஜனவரி, மற்றது பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த ஏப்ரல். எங்கள் கூட்டத்தில் அஞ்சு பேர். வடசேரி டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் மூணுக்கு ரெண்டு என்று பிரிந்துவிடும். மரங்கள் கிளை முறியப் பனி சுமந்து நிற்பது ஜனவரியில்தான் என்பது ஒரு கட்சி. அந்தக் குளிர் நம்ம உடம்புக்கு ஆகாது என்பது மறு கட்சி. இரண்டும் நியாயம்தான். ஆனால் பனிச்சரிவு என்ற ஒன்றை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு மாதங்களும் வேறு வேறு மிருகங்கள்.

ஜனவரிப் பனிக்குள் ஒரு பழைய கணக்கு கிடக்கும். நவம்பர், டிசம்பரில் விழுந்த மெல்லிய பனி, அடுத்தடுத்து வானம் வெளுத்த குளிர் இரவுகளில் மாட்டிக்கொள்கிறது. அடியில் தரை பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருக்கும், மேல்பரப்போ அதைவிட எவ்வளவோ கீழே. இந்த வித்தியாசத்தில் பனித்துகள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையை இழந்து, அள்ளினால் சீனி மாதிரி உதிரும் மணிகளாகிவிடும். அதன்மேல்தான் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற காற்றழுத்த மண்டலங்கள் ஜனவரி, பிப்ரவரியில் பனியைக் கொட்டுகின்றன. காற்று அதை அடித்து இறுக்கிப் பலகையாக்குகிறது. சீனியைப் பரப்பி அதன்மேல் சாய்வாகப் பலகையை வைத்தால் எப்படி நிற்கும்? யாராவது மிதிக்கும்வரை நிற்கும். மிதித்தால் அடியடுக்கு உடைந்து, விரிசல் கண்ணெதிரே ஓடி, சரிவு மொத்தமாகக் கழன்று வரும். மலையேறிகள் சிக்கிய விபத்துகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிட்டது சிக்கியவரேதான், இல்லையென்றால் கூடப் போனவர்.

இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், பனி கொட்டி முடிந்து நாலைந்து நாளாகியிருக்கும். வானம் நீலம், வெயில் பளீர். பயப்பட ஒரு காரணமும் கண்ணுக்குத் தெரியாது. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது முட்டத்து நண்பர் ஒருவர் இடையில் புகுந்து, “இது நம்ம கள்ளக்கடல்லா?” என்றார். ரெண்டு வருஷமாக நான் தேடிய உவமை! தெற்கே எங்கோ பெருங்கடலில் அடித்த புயலின் அலை, நாள் கணக்கில் பயணம் செய்து, காற்றே இல்லாத நம் கரையில் வந்து ஏறுகிறது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்துபோனார்களே, அன்றைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. அலையின் காரணம் தூரத்தில் இருக்கிறது, பலகைச் சரிவின் காரணம் போன மாசத்தில் இருக்கிறது. இன்றைய வானத்தைப் பார்த்து இரண்டையும் கணிக்க முடியாது.

அதனால் ஜனவரியில் போகிறவர் பனிச்சரிவு அறிவிப்பைப் படித்தே ஆகவேண்டும். கடல் எச்சரிக்கைக்கு ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிலையம் போல, பனிச்சரிவுக்கு ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் டிஜிஆர்இ நிலையம் இருக்கிறது. இன்ன மாவட்டத்தில் இத்தனை மீட்டருக்கு மேல் இந்த அளவு அபாயம் என்று சொல்லும். அளவு 1 முதல் 5 வரை. 3 என்றதும் ‘நடுத்தரம்தானே’ என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆல்ப்ஸ் மலைகளில் உயிர்ப்பலியில் பெரும்பகுதி அந்த 3-இல்தான் நடக்கிறது. 4, 5-இல் அனேகமாக யாரும் வெளியே போவதில்லையே.

ஏப்ரல் பனி இவ்வளவு கள்ளத்தனம் பண்ணாது. அதன் அபாயம் கடிகாரத்தோடு வரும். இரவில் வானம் தெளிந்திருந்தால் மேல்பரப்பு உறைந்து சிமென்ட் தரை போல ஆகிவிடும். காலை வெயில் ஏற ஏற இளகும். மதியத்துக்குள் தண்ணீர் உள்ளே இறங்கி, பிடிப்பு விட்டு, ஈரப்பனி சரியத் தொடங்கும். அடையாளங்களும் கண்ணுக்குத் தெரியும்: சரிவில் பனி உருண்டைகள் தானாக உருண்டு வரும், பூட்ஸ் கணுக்காலைத் தாண்டிப் புதையும். அப்படியானால் திரும்பவேண்டிய நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது. இரவு முழுக்க மேகமூட்டமாக இருந்தால் உறைந்திருக்காது, அன்றைக்குக் கூடாரத்திலேயே ரம்மி ஆடலாம்.

ஏப்ரல் என்றால் பத்திரம் என்று நான் சொல்லவில்லை. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையோரம் சரிவு வந்து சுற்றுலா வந்தவர்கள் 7 பேர் இறந்தார்கள். வசந்தத்தில் புதுப்பனி கொட்டினால் அது ஜனவரிதான், காலண்டர் என்ன சொன்னாலும். உத்தரகாசியில் திரௌபதி கா தண்டா சிகரத்தில் பயிற்சிக்குப் போனவர்களைச் சரிவு அடித்தது அக்டோபரில், 2022-இல்.

எந்த மாதமானாலும் மாறாதது சாய்வுக் கணக்கு. பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் கிளம்புகின்றன. ஏறத்தாழ நம் பழைய ஓட்டு வீட்டுக் கூரை அளவிலிருந்து மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்போனிலேயே அளக்கலாம். நீங்கள் நடப்பது சமதளமாக இருந்தால் மட்டும் போதாது, தலைக்கு மேலே அப்படியொரு கூரை தொங்குகிறதா என்று பாருங்கள். அடர்ந்த காடு நல்லது. அங்கொன்று இங்கொன்றாக நிற்கும் மரம் காப்பாற்றாது, வரும் வேகத்தில் அதில் மோதித்தான் சாகவேண்டியிருக்கும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக: புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்ட 457 கிலோஹெர்ட்ஸில் பேசும் பீக்கன், பனிக்குள் குத்தித் தேட மடக்குக் கம்பி, தோண்ட மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்தால்தான் பிரயோஜனம். முதல் 10, 15 நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், அரைமணியில் அந்த வாய்ப்பு மளமளவென்று விழுந்துவிடுகிறது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தபோது அவர்களில் ஒருவரான ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அவரும் பிறகு பிழைக்கவில்லை. அதை வைத்து யாரும் கணக்குப் போடவேண்டாம். வழிகாட்டி நிறுவனத்துக்குப் பணம் கட்டுமுன், இவை இருக்கிறதா, ‘திரும்பலாம்’ என்று முடிவெடுப்பவர் யார் என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

என் ஓட்டு ஏப்ரலுக்கு, ஒரு நிபந்தனையோடு: ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, உச்சி வெயிலுக்குள் சரிவை விட்டு இறங்கிவிட வேண்டும். கரைமடி வலை இழுக்கவும் கட்டுமரம் தள்ளவும் அந்த நேரத்தில் எழுந்து பழகியவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எங்கள் அஞ்சு பேரில் எட்டு மணிக்கு முன் கண் விழிக்காத ஒருவன் உண்டு. அவனுக்கு ஜனவரிதான் சரி. காட்டுக்குள், சாய்வு குறைந்த பாதையில், மேலே கூரை தொங்காத இடமாகப் பார்த்துப் போய்வரட்டும். மற்ற நாலு பேருக்கும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் தில்லி நிஜாமுதீன்வரை டிக்கெட் போடவேண்டும். முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கும் என்பதால் பிப்ரவரியில் காலை எட்டு மணிக்குக் கவுன்டரில் நிற்க ஒரு ஆள் தேவை. அந்த வேலை அவனுக்கு.