கேரக்டர் ஆர்டிஸ்ட்டுக்கு சினிமாவா, சீரியலா?

அப்பா ரோல், வில்லனோட அடியாள், வக்கீல் ரோல்னு பண்றவங்க நிறைய பேர் இதுல குழம்புறாங்க, அதான் எழுதுறேன்.

வருமானம்: சினிமால நாலு நாள் ஷூட், அப்புறம் அடுத்த கால் எப்ப வரும்னே தெரியாது. சீரியல்ல மாசாமாசம் கையில காசு வரும், ஆனா கதையில உங்க கேரக்டரை சாகடிச்சுட்டா அதோட முடிஞ்சுது.

வேலை: சினிமால மேக்கப் போட்டு, பவுடர் ஒட்டாம இருக்க காலர்ல டிஷ்யூ சொருகிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்போம், கடைசியில ரெண்டே வரி டயலாக், அதுவும் எடிட்டிங்ல போயிடும் (எரிச்சலா இருக்கும்). சீரியல்ல அன்னைக்கே பேப்பர் குடுத்து அன்னைக்கே பக்கம் பக்கமா பேசணும். கன்டின்யூட்டிக்காக (முன்ன எடுத்த சீன்ல இருந்த தோற்றம் மாறக்கூடாதுன்னு) முடிகூட இஷ்டத்துக்கு வெட்ட முடியாது.

பேரு: சீரியல்ல கேரக்டர் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. சினிமால ஒரு நல்ல சீன் போதும், பல வருஷம் பேசுவாங்க.

ஆனா ரெண்டுக்கும் நடுவுல சுவரெல்லாம் இல்ல. ஹாலிவுட்ல ஜே.கே. சிம்மன்ஸ் வருஷக்கணக்கா டிவிலயும் சின்ன ரோல்கள்லயும் ஓடிட்டு 2015ல 60 வயசுல துணை நடிகர் ஆஸ்கார் வாங்கினார்.

வீட்டுக் கடன், பசங்க ஃபீஸ்னு இருந்தா சீரியல். தனியாள், கையில வேற வேலை இருக்கு, காத்திருக்க முடியும்னா சினிமா.