பூச்சி அரித்த பாம் விதை: உரக்கடையில் எதை வாங்கலாம், எதை வைத்துவிட்டு வரலாம்

அரேகா பாம், ஃபாக்ஸ்டெயில், ராயல் பாம் போன்ற அலங்காரப் பனை வகைகளின் விதைகளை ஆன்லைனில் வாங்கிப் பிரித்தால், பல பாக்கெட்டுகளில் விதையோடு அடியில் கொஞ்சம் பழுப்பு மாவும் வந்து விழும். வண்டு விதையைக் குடைந்து வெளியே தள்ளிய தூள் அது. உரக்கடையில் போய்ச் சொன்னால் கடைக்காரர் நாலைந்து டப்பாக்களை எடுத்து வைப்பார். அவற்றில் எது உருப்படி, எது வீண் செலவு என்பதுதான் இந்த மதிப்பீடு. ஒன்றை இப்போதே சொல்லிவிடலாம்: உள்ளே சொத்தையாகிவிட்ட விதையை மீட்கும் மருந்து எந்த அலமாரியிலும் இல்லை. மருந்துக்குக் கொடுக்கும் காசெல்லாம் மிச்சமிருக்கும் நல்ல விதைக்காகத்தான். எனவே பிரித்தெடுக்கும் வேலைதான் பெரிது.

குடைகிற ஆள் பெரும்பாலும் கொக்கோட்ரைப்பெஸ் இனத்து வண்டு. இதில் பேரீச்சங்கொட்டையில் விழுவது டாக்டிலிபெர்டா என்ற வகை, கொட்டைப்பாக்கில் விழுவது கார்ப்போஃபேகஸ் என்ற வகை. அலங்கார பாம் விதைகளையும் இந்த இனம் விடுவதில்லை. சுமார் 2 மி.மீ. நீளம், பழுப்பு நிறம். பெண் வண்டு குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளே போய், அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே குடும்பம் நடத்தும். இணை சேராத பெண்ணும் முட்டையிடும். அதில் ஆண் வண்டுகள் மட்டும் பிறக்கும், பிறகு அவற்றோடே இணை சேர்ந்து அடுத்த தலைமுறையை உண்டாக்கும். ஒரே ஒரு பெண் போதும், பாக்கெட் முழுவதும் பரவிவிடும். எனவே பாக்கெட்டை மற்ற விதைகளுக்கு நடுவே பிரிக்காதீர்கள். வெள்ளைத் தாள் விரித்த தட்டில் கொட்டி, தூள் விழுகிறதா, வண்டு ஊர்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். பார்த்து முடித்ததும், தண்ணீரில் போடும் வரை இறுக்கமான மூடியுள்ள டப்பாவை விட்டு வெளியே எடுக்க வேண்டாம்.

முதல் மதிப்பெண் காசில்லாத சாமானுக்கு: ஒரு பக்கெட் தண்ணீர். விதையில் சதை ஒட்டியிருந்தால் முதலில் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும்; ஒரு நாள் ஊறினால் தேங்காய் நாரால் தேய்த்தாலே கழன்றுவிடும். கூந்தற்பனைப் பழமாக இருந்தால் கையுறை கட்டாயம். அதன் சதையில் உள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் தோலில் ஏறி மணிக்கணக்கில் அரிக்கும்.

சுத்தமான விதையைத் தண்ணீரில் போட்டு, மேலே ஒரு தட்டும் கல்லும் வைத்து முழுக்க அமிழ்த்துங்கள். மிதக்க விட்டால் ஓட்டைக்குள் காற்று தங்கிவிடும், வண்டும் பிழைத்துக்கொள்ளும். முதல் ஒரு மணி நேரம் லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால், அந்தச் சின்ன ஓட்டைக்குள்ளும் தண்ணீர் இறங்கும். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் மாற்றுங்கள். அரேகா பாமுக்கு 48 மணி நேரம். ஓடு தடித்த ஃபாக்ஸ்டெயிலுக்கு 72 மணி நேரம். காலையும் மாலையும் தண்ணீர் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் புளித்த வாடை வரும், மூச்சு முட்டி முளைக்கருவும் செத்துப்போகும்.

மிதக்கிற விதையெல்லாம் சொத்தை என்று முதல் நாளே தூக்கி எறிவது பலர் செய்கிற தவறு. காய்ந்த விதை எதுவானாலும் முதலில் மிதக்கும். நார் மூடிய ஃபாக்ஸ்டெயில் நல்ல விதையாக இருந்தாலும் மிதக்கும். ஊறல் முடிந்த பிறகுதான் கல்லை எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் மிதப்பவற்றில் இரண்டு மூன்றைக் கத்தரிக்கோலால் பிளந்து பாருங்கள். அரேகா பாம் விதை உள்ளே வெள்ளையாக, தேங்காய்ப் பருப்பைப் போல ஒரே சீராக, அதைவிடக் கெட்டியாக இருக்கும். பழுப்புச் சுரங்கமும் மாவும் தெரிந்தால் சொத்தை. உள்ளே சுருங்கி ஆடினால் அது வண்டின் வேலை இல்லை, விற்பவர் காய விட்ட விதை. கொட்டைப்பாக்கையும் கூந்தற்பனை விதையையும் பிளக்கும்போது ஒரு எச்சரிக்கை: அவற்றின் பருப்பில் பழுப்பு வரிகள் இயல்பாகவே ஓடும். அந்த வரி கெட்டியாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் உதிராது. வண்டின் சுரங்கம் உதிரும்.

ஓட்டை விழுந்தும் மூழ்கிய விதைகளை என்ன செய்வது? தனியாக வையுங்கள். பருப்பில் கொஞ்சம் போயிருந்தாலும் முளைக்கரு தப்பியிருந்தால் முளைக்கும், ஆனால் நாற்று இளைத்துத்தான் வரும். முளை வரும் இடம் விதையின் ஒரு பக்கத்தில் சிறு வட்டக் குழியாகத் தெரியும். ஓட்டை அந்த இடத்திலேயே இருந்தால் அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது மெடிக்கல் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு. வாங்க வேண்டிய பொருள், ஆனால் பூச்சிக்கொல்லி என்று நினைத்து வாங்காதீர்கள். நம் ஊரில் ‘20 வால்யூம்’ என்று எழுதிக் கிடைப்பது ஏறத்தாழ 6% கரைசல். அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 3% ஆகும். ஊறிய விதையை அதில் 10 முதல் 15 நிமிடம் போட்டு எடுத்தால், ஒட்டியிருக்கும் பூஞ்சையும் அழுகல் கிருமியும் பெருமளவு குறையும். இன்னொரு லாபமும் உண்டு: பெரும்பாலான விதைகளில் நுரை மெல்லியதாக ஆங்காங்கே படியும்; ஓரிடத்திலிருந்து மட்டும் குமிழி சரமாக ஏறினால் அந்த இடத்தை லென்ஸில் பாருங்கள், கண்ணுக்குத் தப்பிய ஓட்டை அங்கே இருக்கக்கூடும். வீட்டில் துணி வெளுக்கும் ப்ளீச் இருந்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம், பிறகு மூன்று முறை அலசல்; அதுவும் இதே வேலையைச் செய்யும். இரண்டில் ஒன்று போதும். ப்ளீச்சோடு பெராக்சைடையோ வினிகரையோ ஒரே பாத்திரத்தில் சேர்க்கவே கூடாது. வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

பூஞ்சைக்கொல்லியில் கார்பெண்டாசிம் 50% தூள் எந்த உரக்கடையிலும் கிடைக்கும். லிட்டருக்கு 1 கிராம், 30 நிமிடம். வேலை செய்யும், வண்டு குடைந்த காயம் வழியாக ஏறும் அழுகலை நன்றாகவே தடுக்கும். ரசாயனம் வேண்டாம் என்பவர்களுக்கு டிரைக்கோடெர்மா விரிடி, கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு. பத்து இருபது விதைக்கு ஒரு சிட்டிகைதான், ஈர விதையில் புரட்டினால் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று சில கடைகளில் சேர்த்தே கட்டிக் கொடுக்கிறார்கள். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். கார்பெண்டாசிம் அதையும் கொன்றுவிடும். டிரைக்கோடெர்மா டப்பாவில் காலாவதித் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். வெயில் விழும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தது வெறும் சுண்ணாம்புத் தூளுக்குச் சமம்.

இமிடாகுளோபிரிட் 17.8% திரவம்தான் கடைக்காரர்கள் முதலில் நீட்டுவது. லேபிளில் இருப்பது பருத்தி, நெல், மிளகாய் போன்ற பயிர்கள். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு நல்ல மருந்து. தடித்த ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கும் புழுவிடம் அது அவ்வளவு சுலபமாகப் போய்ச் சேராது. இருபது விதைக்காக ஒரு பாட்டில் விஷத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது தேவையில்லை. வேப்பெண்ணெய் அதைவிடப் பரவாயில்லை: லிட்டருக்கு 5 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மேலே தெளித்தால் புதிய வண்டு அண்டத் தயங்கும். உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. வசம்புத் தூளும் அப்படித்தான். உளுந்து, பயறு டப்பாவில் போட்டு வைக்க நல்லது, ஏற்கெனவே குடைந்த விதைக்கு வெறும் வாசனை. அந்துருண்டைக்கு இங்கே வேலையே இல்லை.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை பற்றி மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘ஒரு மாத்திரையை டப்பாவில் போட்டு மூடுங்க, எல்லாம் சுத்தம்’ என்று உதிரியாக விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈரம் பட்டதும் அது வெளியிடும் பாஸ்பீன் வாயு மூடிய வீட்டுக்குள் உயிரைக் குடிக்கும். பயிற்சி பெற்றவர்கள் கிடங்குகளில் மட்டும் கையாள வேண்டியது, வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அதை உதிரியாக நீட்டுகிற கடையில் வேறு எதையும் வாங்காமல் திரும்பி வந்துவிடலாம்.

காசில்லாத யோசனைகளிலும் சில விதையைக் கொன்றுவிடும். பயறு காய வைப்பதுபோல் வெயிலில் காய வைத்தால் வண்டுக்கு முன் விதை சாகும்; வெப்பமண்டல பாம் விதைகள் பலவும் உலர்ந்தால் தாங்காது. ஃப்ரீசரும் அப்படியே. வெந்நீரில், பூச்சி சாகும் சூடும் முளைக்கரு வெந்துபோகும் சூடும் மிக நெருக்கம். அடுப்பில் வைத்த பாத்திரத்தில் அந்த இடைவெளியைப் பிடித்து நிறுத்த முடியாது. ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி சேர்த்தால் வேகமாக முளைக்கும் என்பார்கள். பாம் நாற்றுகள் அதில் ஒல்லியாக நீண்டு, தானாக நிற்க முடியாமல் சாய்கின்றன.

நேர்த்தி முடிந்ததும் அன்றே விதைத்துவிடுங்கள், எடுத்து வைக்க வேண்டாம். கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசி, கையில் பிடித்து அழுத்தினால் ஓரிரு சொட்டு மட்டும் விழும் ஈரத்தில் ஜிப்லாக் கவரில் போட்டு விதையைப் புதைக்கலாம். 30 முதல் 35 டிகிரி சூடு வேண்டும். நேர் வெயில் வேண்டாம். அரேகா பாம் ஒன்றிரண்டு மாதத்தில் முளைக்கும், ஃபாக்ஸ்டெயிலுக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். பிஸ்மார்க்கியா என்ற பாமுக்கும் பனங்கொட்டைக்கும் கவர் ஒத்துவராது. அவை முளையைக் கீழ்நோக்கி ஆழமாக இறக்குபவை, ஆழமான தொட்டியோ நிலமோ தேவை.

வாரம் ஒரு முறை கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விதை மேல் வெள்ளைப் பஞ்சுபோலப் படர்ந்திருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் ஒட்டியிருந்த சதையில் வளர்வது. எடுத்துத் துடைத்து, விதை கெட்டியாக இருந்தால் திரும்ப வைக்கலாம். அமுக்கினால் கொழகொழப்பாக இருப்பதையும், சுற்றிலும் புதிதாகப் பழுப்புத் தூள் சேர்ந்திருப்பதையும் அப்போதே எடுத்துவிட வேண்டும். எடுத்ததைக் குப்பைத்தொட்டியிலோ உரக்குழியிலோ போடாமல் கொதிக்கும் நீரில் கொட்டி ஆற விட்டு எறியுங்கள், இல்லையென்றால் வண்டு பறந்து வெளியே போய்விடும்.

விதை விற்பவரைப் பொறுத்தவரை, பழம் பறித்த தேதி கேளுங்கள், சதை நீக்கியதா என்று கேளுங்கள், ஒரு விதையைப் பிளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். மூன்றுக்கும் பதில் வராத இடத்தில் விலை பாதியாக இருந்தாலும் வாங்குவதில் அர்த்தமில்லை. பாக்கெட் வந்ததும் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுத்து, தூளும் ஓட்டையும் தெரிகிற படங்களோடு அன்றே புகார் போடுங்கள். தண்ணீரில் போட்ட விதையைத் திருப்பி எடுக்க யாரும் ஒத்துக்கொள்வதில்லை.