மட்டக்களப்பில் மின் கார்: வேகச் சார்ஜரா, மெதுவான சார்ஜரா?

கொழும்பிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்து அன்றைக்கே திரும்ப வேண்டுமென்றால் டிசி வேகச் சார்ஜர்தான் (நேர்மின்னோட்டத்தை நேராகப் பேட்டரிக்கே கொடுப்பது) வழி. 40 கிலோவாட் மணி பேட்டரி உள்ள நிசான் லீஃபுக்கு, 50 கிலோவாட் சார்ஜரில் 80 சதவீதம் ஏற ஒரு மணி நேரம் போதும். ஆனால் இந்த லீஃபின் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு கிடையாது. சித்திரை வெயிலில் வந்த சூட்டோடு செருகினால் வெப்பக் காட்டி மேலே போகும், சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும். அப்புறம், லீஃபின் வேகச் சார்ஜுக்குப் பொருந்தும் சாடெமோ வகைப் பிளக் அங்கே இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பக்கத்திலிருக்கும் கல்முனைக்குப் போய்வருகிறவருக்கு 7 கிலோவாட் ஏசி சார்ஜரே (வீட்டு மின்சாரம் போன்ற மாறுமின்னோட்டத்தில் மெதுவாக ஏற்றுவது) மேல். முழுதாக ஏற ஏறக்குறைய 7 மணி நேரம். இரவு செருகிவிட்டுப் படுத்தால் விடியும்போது தயார், பேட்டரிக்கும் சூடு குறைவு. கல்லடிப் பாலத்தின் இரு கரையிலும் நமக்கு இதுதான் நிறைய வேண்டும்.