சிறப்புப் பள்ளியா, பக்கத்துத் தெருப் பள்ளியா?

மாற்றுத்திறன் குழந்தையை எங்கே சேர்ப்பது என்று தவிக்கும் பெற்றோரே, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. இரண்டில் எது என்பது உங்கள் விருப்பம்.

பயிற்சி
சிறப்புப் பள்ளி: பிரெய்ல், சைகை மொழி தினமும் புழங்கும்.
பொதுப் பள்ளி: மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் பெரும்பாலும் பல பள்ளிகளுக்குப் பொதுவானவர், தினமும் வரமாட்டார்.

அலைச்சல்
சிறப்புப் பள்ளி: பெரும்பாலும் நகரத்தில், விடுதியில் விட நேரலாம்.
பொதுப் பள்ளி: வீட்டருகே. சாய்தளம், கழிப்பறையை நேரில் பாருங்கள்.

பழக்கம்
சிறப்புப் பள்ளி: தன்னைப் போன்றவர்களைக் கண்டு பிள்ளைக்குத் தைரியம் வரும்.
பொதுப் பள்ளி: இங்கேதான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. நன்னெறி வகுப்பில் 'பிறரை மதி' என்று எழுதவைப்பதைவிட, சக்கர நாற்காலியில் வரும் தோழனைச் சேர்த்துக்கொள்ள ஆட்ட விதியை மாற்றும் பிள்ளைகள் அதிகம் கற்கிறார்கள். ஆனால் ஆசிரியர் கேலியைக் கண்டும் காணாமல் இருந்தால் எல்லாம் பாழ்.

என் யோசனை: பார்வையற்ற அல்லது காது கேளாத சிறு பிள்ளைக்கு ஆரம்ப ஆண்டுகளில் சிறப்புப் பள்ளி. பிரெய்லோ சைகையோ கைவந்தபின் பொதுப் பள்ளி. நடக்கச் சிரமப்படும் அல்லது மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு முதலிலிருந்தே பக்கத்துப் பள்ளி. சேர்க்கும் முன் தலைமையாசிரியரிடம், சிறப்பாசிரியர் எந்தெந்த நாள் வருவார் என்று கேளுங்கள்.