கேப்சூல் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருந்தால், கடைசிப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்

மலம் தார்போலக் கறுத்து, ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கிய ஒரு பெரியவர். வாய்வழி எண்டோஸ்கோப்பி, ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி இரண்டும் பார்த்து ‘நார்மல்’ என்று சொல்லி, ரத்தம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மூன்று முறை இப்படியே. அந்த இரண்டு குழாய்களும் எட்டாத சிறுகுடல் நடுவில் பல மீட்டர் கிடக்கிறதே, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிறகு கேப்சூல் எண்டோஸ்கோப்பி, அதாவது மாத்திரைபோல விழுங்கும் சின்ன கேமரா. அதுவும் ரத்தக்கசிவு நின்று ஆறு வாரம் கழித்து. கசிவு ஏற்பட்ட 48 மணி நேரத்துக்குள் விழுங்கினால்தான் இடம் பிடிபட வாய்ப்பு அதிகம், 14 நாளைத் தாண்ட விடக்கூடாது. இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லவும் இல்லை. அது குடலுக்குள் கறுப்பாக ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும். இவற்றைவிடப் பெரிய தவறு, மூட்டுவலிக்கு வருடக்கணக்காக வலிமாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்காதது. அந்த மாத்திரைகள் சிறுகுடலில் புண் உண்டாக்கும். புண் ஆறும்போது தழும்பு வளையமாக இறுகிப் பாதையைச் சுருக்கிவிடும். கேப்சூலோ 26 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம். இப்படிப்பட்டவர்களுக்கு, சிக்கினாலும் தானே கரைந்துவிடும் சோதனை கேப்சூலை முதலில் கொடுத்தோ, சிறுகுடலைக் காட்டும் சி.டி. ஸ்கேனான சி.டி. என்டரோகிராபி எடுத்தோ வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை.

ரிப்போர்ட் ஒரே வரி: ‘சிறுகுடல் நார்மல்.’ படங்களை வாங்கிப் பார்த்தால், பாட்டரி தீரும்வரை கடைசி மூன்று மணி நேரமும் ஒரே காட்சி. வெளிறிய வளையம், நடுவில் சின்னத் துளை, விளிம்பில் புண். பெருங்குடல் தொடங்கும் சீக்கம் ஒரு படத்தில்கூட இல்லை. சீக்கம் வராத பரிசோதனையை ‘முழுமையற்றது’ என்றுதான் எழுத வேண்டும். சிறுகுடலில் நுழைந்த நேரம், சீக்கம் வந்த நேரம், குடல் எவ்வளவு சுத்தம், புண் தெரிந்த நேரம் எல்லாம் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். பலூன் உதவியோடு சிறுகுடலுக்குள் ஆழமாகப் போகும் பலூன் எண்டோஸ்கோப்பியை வாய்வழியாகச் செய்வதா, ஆசனவாய் வழியாகவா என்பதை அந்த நேரக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

‘இன்னொரு கேப்சூல் போட்டுப் பார்க்கலாம்’ என்று மறுபடி பணம் கட்டச் சொன்னதுதான் கொடுமை. முதலில் விழுங்கியது வெளியே வந்ததா என்றுகூடக் கேட்கவில்லை! 14 நாளில் வந்ததா என்று தெரியாவிட்டால் வயிற்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அது போய்விட்டது என்று உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. அறைப்பக்கமே போகக்கூடாது. வேறிடத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் கேப்சூல் அடிவயிற்றில் பளிச்சென்று தெரிந்தது. அங்கே வாய்வழி பலூன் எண்டோஸ்கோப்பி செய்து, வலையால் அதைப் பிடித்து எடுத்து, பிறகு அந்த வளையத்தை மெல்ல விரித்துவிட்டார்கள். கசிந்துகொண்டிருந்தது அதே விளிம்புப் புண்தான். வலிமாத்திரையை நிறுத்திய பிறகு ரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை.